உப்பில்லாமல் சுட்டது

கத்திரிக்காயைத் தணலில் திருப்பிப் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு எழுதுகிறேன். பழவேற்காட்டுக் கோட்டைக் குசினியில் காய் சுடுவது என் வேலை. பார்க்கச் சின்ன வேலைதான், ஆனால் தணலை விட்டு நகர முடியாது. கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு ஊரார் அடுப்பில் நிற்கிறவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

வைத்தியர் சொன்னது

ஒல்லாந்துத் தொரைக்கு வயிற்றில் புண். மசாலா, எண்ணெய், உப்பு எதுவும் ஆகாது, காயைச் சுட்டு மட்டும் கொடுங்கள் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். குசினிக்காரர் அந்தோணி அண்ணனுக்கு ஆடும் கோழியும்தான் தெரியும். மீன் ஆய வந்துகொண்டிருந்த என்னைப் பிடித்து உட்கார வைத்தார்.

கொட்டாங்குச்சிக் கரியைச் சாம்பல் பூக்க விட்டேன். கத்திரிக்காய், பரங்கிக் கீற்று, தோலோடு வெங்காயம், எல்லாவற்றையும் அதில் புதைத்தேன். கருகிய தோலை உரித்து, மல்லித்தழை கிள்ளிப் போட்டேன். அவ்வளவுதான். கடல் சீறி கட்டுமரம் இறங்காத நாளில் எங்கள் மீனவர் ஊரான கோட்டைக்குப்பத்தில் நாங்கள் தின்பதே இதுதான் என்று அண்ணனிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"உங்க பட்டினிக்கு இங்க பத்தியம்னு பேரு வெச்சிருக்காங்கம்மா. வெளிய சொல்லாத."

உச்சி வேளை

முன்பெல்லாம் மீன் ஆய்ந்து முடித்து உச்சிக்கு வீட்டுக்கு ஓடிப் பாப்பாவுக்குப் பால் கொடுப்பேன். தொரைக்குக் காய் பிடித்துப்போய், சாயங்காலமும் வேண்டும் என்றார்கள். அதோடு அந்த ஓட்டம் நின்றது. மதியமானால் மார் கட்டிக்கொள்ளும். முந்தானையை மடித்து வைத்து அழுத்திக்கொண்டு பரங்கியைத் திருப்புவேன்.

பாப்பாவைக் கொண்டுவந்து குசினி மூலையில் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அண்ணன்தான் எனக்காகத் தொரசாணியிடம் அவர்கள் பாஷையில் வெகுநேரம் பேசினார். கதவுக்குப் பின்னால் நின்றேன். அந்தம்மா என்னைப் பார்த்துச் சிரித்து ரெண்டே வார்த்தை சொன்னாள். திரும்பி வந்த அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பிள்ளை அழுற சத்தம் தொரை வயித்துக்கு ஆகாதாம்."

ஒரு பிடி உப்பு

கெடுத்து வைத்தால் மறுபடியும் மீனுக்கே அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். ஒருநாள் ஒரு பிடி உப்பை அள்ளிப் போட்டேன். தட்டு போனதும் கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டு கரியைக் கிளறினேன். தட்டு வழித்துத் துடைத்துத் திரும்பி வந்தது. வலியாவது வரும் என்று பார்த்தேன், அதுவும் வரவில்லை. மனுஷன் நன்றாகத் தூங்கி எழுந்தார்.

"இன்னிக்குத்தான் ருசியே சேர்ந்துச்சாம். இனிமே எப்பவும் உன் கைதானாம்," என்றார் அண்ணன்.

மாமியார் சொன்னது

போன வாரம் பொழுது சாய்ந்து வீட்டுக்குப் போய்ப் பாப்பாவை மாரில் போட்டேன். ரெண்டு தரம் சப்பிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மறுபடியும் வைத்தேன், தலையால் முட்டித் தள்ளியது. பால் வற்றிப் போயிருந்தது. நாளெல்லாம் கஞ்சித் தண்ணீர் ஊட்டி, பிள்ளையை இடுப்பிலேயே வைத்திருந்த மாமியார் அலுப்போடு என்னைப் பார்த்தார்.

"இன்னாத்துக்கு அழுவுற? வள்ளிக்கிழங்கச் சுட்டு மசிச்சு ஊட்டு. நீதான் நல்லா சுடுறன்னு கோட்டையே சொல்லுதே."

ஆக இந்த வேலையில் நான் கண்டது, நன்றாகச் செய்தாலும் விட மாட்டார்கள், கெடுத்தாலும் விட மாட்டார்கள், என்னை வேண்டாமென்று விட்டது என் பிள்ளை ஒன்றுதான், அதைக்கூட நான் கிழங்கு சுட்டுக் கொடுத்துத்தான்... இதோ வரேண்ணா, தட்டை எடுத்து