அறுபதில் ஒரு பங்கு தயிர்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஏழு பெண்கள் ஆறு வருடம் சேர்ந்து படித்த படிப்பின் நிறைவு விருந்தை, இரண்டே நிமிடத்தில், ஒரு டப்பா தயிரால் காலி செய்தேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. ஆனால் அவ்வளவு வேகமாக நான் முடித்த வேலை அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. என் மேனேஜரைக் கேட்டால் அவரும் அதைத்தான் சொல்வார்.

அப்போது நாங்கள் நியூ ஜெர்சியில், பிளெய்ன்ஸ்பரோவில் இருந்தோம். இரண்டு மாடி அபார்ட்மென்ட். கீழே நாங்கள், மேலே ரிவ்கா ஆன்ட்டி. அது ஆடி மாதம். அப்பாவுக்கு கிரீன் கார்டு வரும்வரை வருடா வருடம் ஆடி முழுக்க என் அடுப்பில் கறி ஏறாது என்று அம்மா மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டிருந்தாள். கிரீன் கார்டு வரிசையோ அசைவதாக இல்லை. எனக்கும் ஒரு கோழிக்காலுக்கும் நடுவே அமெரிக்க அரசாங்கமே குறுக்கே நின்றது. வெளியே வாங்கித் தாருங்களேன் என்று கேட்டால், "சாமிகிட்டயே லாயர் மாதிரி பேசாதடி" என்பாள் அம்மா. அப்பா நியூஸ் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவருக்கும் ஆசைதான், தைரியம்தான் இல்லை.

மேல் வீட்டிலாவது ஏதாவது கிடைக்குமா என்று போனால் அங்கேயும் அதே கதை. ரிவ்கா ஆன்ட்டி யூதர். எருசலேமில் இருந்த அவர்களுடைய கோயில் எரிக்கப்பட்டதற்காக, வருடத்தில் ஒன்பது நாள் துக்கம் காப்பார்களாம். கறி கிடையாது, ஒயின் கிடையாது, புதுத் துணி கிடையாது.

"எப்போ எரிஞ்சது?" என்று கேட்டேன்.

"ரெண்டாயிரம் வருஷம் இருக்கும்."

நான் இதைக் கீழே வந்து சொன்னதுதான் தப்பு. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா, ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால நடந்ததுக்கு அவங்க வாயக் கட்டுறாங்க. உனக்கு முப்பது நாள் முடியலயா?" என்று, மறுநாளிலிருந்து சாப்பாட்டுத் தட்டு வைக்கும்போதெல்லாம் எருசலேமையும் சேர்த்துப் பரிமாறினாள்.

அந்த ஒன்பது நாளின் நடுவில்தான் ஆன்ட்டி அந்தச் செய்தியைச் சொன்னார். புதன்கிழமை சாயங்காலம் அவர் வீட்டில் விருந்து. அதுவும் கோழி! நான் கிட்டத்தட்ட கீழே விழுந்தேன். துக்கத்தில் எப்படி என்றால், அவர்களுடைய பழைய சட்ட நூலில் ஒரு பாகத்தை முழுக்கப் படித்து முடித்தால் அது கொண்டாட வேண்டிய நாளாம். துக்க நாளானாலும் கறி உண்டு, ஒயின் உண்டு. ஆன்ட்டியும் தோழிகளுமாக ஏழு பேர் வாராவாரம் கூடி ஆறு வருடமாகப் படித்து, கடைசி நாலு வரியை மட்டும் மிச்சம் வைத்திருந்தார்கள். புதன்கிழமை அதை எல்லோரும் கூடிப் படித்து முடிக்கப் போகிறார்கள்.

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: புத்தகத்தை முடித்தால் கோழி.

உடனே கீழே ஓடி, தமிழ்ப் பள்ளியில் கொடுத்த இரண்டாம் நிலைப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் தமிழ் அப்போது நொண்டி. எறும்பில் தொடங்கி ஒட்டகம்வரை எழுத்துக்கூட்டி ஒரே மூச்சில் படித்து முடித்து, அம்மா முன்னால் போய் நின்றேன். சட்டப்படி எனக்கு ஒரு சிக்கன் பிரியாணி வர வேண்டும் என்றேன். அம்மா புத்தகத்தை வாங்கிப் பார்த்து, "கடைசிப் பக்கத்துல கேள்வி பதில் இருக்கு, அதை எழுதிட்டு வா" என்றாள். அதோடு என் கல்வித் தாகம் தணிந்தது.

புதன்கிழமை நாலு மணிக்கே நான் மேலே ஆஜர். உதவி செய்ய வந்தேன் என்றேன். நாப்கின் மடிக்கச் சொன்னார் ஆன்ட்டி. அடுப்பில் பெரிய சிவப்புப் பானை. அதன் மூடி லேசாகத் தட்டி ஆடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு என் வயிறு பதில் சொல்லிக்கொண்டிருந்தது. ஆன்ட்டி இரண்டு முறை பாத்திரங்களை எண்ணினார், மூன்று முறை கடிகாரத்தைப் பார்த்தார், நடுவில் தானாகவே சிரித்தார். ஹன்னா ஆன்ட்டிதான் கடைசி வரிகளைப் படிக்கப் போகிறார் என்றார். அந்த ஏழு பேரில் மூத்தவர் அவர். எண்பது தாண்டியவர். ஞாயிற்றுக்கிழமை வீட்டைக் காலி செய்துகொண்டு மகனோடு இருக்க அரிசோனா போகிறார். "அதனாலதான் இன்னிக்கு. இன்னிக்கு நடந்தே ஆகணும்" என்றார்.

கீழே கார் சத்தம் கேட்டது. தோழிகள் மடக்கு நாற்காலிகளோடு வந்துவிட்டார்கள். ஆன்ட்டி இறக்கப் போனார். போகும்போது, "அடுப்புப் பக்கம் போகாதே, கண்ணு" என்றார். ஆங்கிலத்தில்தான் சொன்னார். எனக்கென்னவோ இன்றைக்கும் அது தமிழில்தான் கேட்கிறது.

போகவில்லை. அடுப்புதான் என்னை இழுத்தது. மூடியைத் திறந்தேன். ஒரு கரண்டி எடுத்து ஊதி ஊதிக் குடித்தேன்.

அன்று நான் அடைந்த அதிர்ச்சியை எப்படிச் சொல்வது? காரம் இல்லை. புளிப்பு இல்லை. கோழி வெந்நீரில் குளித்துவிட்டு, கேரட்டோடு பேசிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். ஆறு வருடம் படித்திருக்கிறார்கள், இத்தனை நாளாக நாக்கைக் கட்டியிருக்கிறார்கள், கடைசியில் இதையா சாப்பிடப் போகிறார்கள்? எங்கள் வீட்டில் கோழி என்றால் முதலில் தயிரில் ஊற வேண்டும். இது அம்மா சொல்லும் முதல் விதி. இவர்களுக்குச் சொல்லித்தர ஆள் இல்லை, பாவம்.

கீழே ஓடினேன். அம்மா பெட்ரூமில் பெரியம்மாவோடு போனில் இருந்தாள். ஃபிரிட்ஜிலிருந்து தயிர் டப்பா, அதுவும் குடும்ப சைஸ், அலமாரியிலிருந்து மிளகாய்த்தூள். பின்பக்கப் படி வழியாக மேலே. முழு டப்பாவையும் கவிழ்த்தேன். கருமித்தனம் எங்கள் வம்சத்தில் கிடையாது. கலக்கினேன். நிறம் வந்தது. கண்ணில் நீர் வந்தது, மிளகாய்த்தூளால்.

வாசல் கதவு திறந்தது. ஏழு பெண்கள் கையில் நாற்காலியோடு. நான் கரண்டியோடு.

"அது என்ன, திட்டுத் திட்டா வெள்ளையா?" என்றார் ரிவ்கா ஆன்ட்டி.

"யோகர்ட்!" என்றேன், பரிசு வாங்கப் போகிறவளைப்போல.

ஒருத்தர் கையிலிருந்த நாற்காலி கீழே விழுந்தது. ஒருத்தர் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த வீட்டில் சிவப்புப் பாத்திரம், நீலப் பாத்திரம் என்று இரண்டு செட் இருப்பதை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன். அழகுக்கு என்று நினைத்திருந்தேன். கறிக்கு ஒன்று, பால் தயிருக்கு ஒன்று, இரண்டும் ஒரு நாளும் சேரக் கூடாது என்பதை ரிவ்கா ஆன்ட்டி மெல்ல, வாடிய குரலில் எனக்குச் சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் அழாமல் சமாளித்திருப்பேன்.

நீலக் கண்ணாடி போட்ட ஆன்ட்டி ஒருவர் போனை எடுத்தார். "ரபியைக் கேட்டுடலாம். அவர் என்ன சொல்றாரோ அது." ரபி என்றால் அவர்கள் கோயில் குரு.

"போனைக் கீழ வை" என்றார் ஹன்னா ஆன்ட்டி.

என் உயரத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம் இருப்பார். நாற்காலியை விரித்து அடுப்புக்கு எதிரே உட்கார்ந்து, கைப்பையைத் தரையில் வைத்தார். "ஆறு வருஷமா நாம என்ன படிச்சோம்? எந்தக் கறி ஆகும், எந்தக் கறி ஆகாது, கறியில பால் விழுந்தா என்ன. வேற என்ன படிச்சோம்? புத்தகத்தை எடுங்க."

எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து அலமாரிப் பக்கம் பாய்ந்தார்கள்.

அடுத்த முக்கால் மணி நேரம் அந்தச் சாப்பாட்டு மேஜையில் நடந்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நாப்கின்கள் பறந்தன. தடித்தடியான புத்தகங்கள் திறந்தன. தவறுதலாக விழுந்த பால், பானையில் இருப்பதில் அறுபதில் ஒரு பங்குக்குள் அடங்கினால் பரவாயில்லை, சாப்பிடலாம், அப்படி ஒரு கணக்கு இருக்கிறதாம். ஹன்னா ஆன்ட்டி என்னைக் கூப்பிட்டார்.

"எவ்வளவு போட்டே?"

டப்பாவைக் காட்டினேன்.

"பாதியா?"

"முழுசா."

"முழுசாவா!" என்று ஏழு பேரும் ஒரே குரலில். ஒரு ஸ்பூனோடு நிறுத்தியிருந்தால் எல்லோரும் தப்பித்திருப்போம். ஆனாலும் அவர்கள் விடவில்லை. கேரட்டைக் கணக்கில் சேர்க்கலாமா, எலும்பைச் சேர்க்கலாமா, தண்ணீரைச் சேர்க்கலாமா? ஒருத்தர் அளவுக் கோப்பையோடு பானை பக்கம் ஓடினார். ஒருத்தர் "நீ அந்தப் பக்கத்தையே படிக்கல, அன்னிக்கு உனக்கு ஜலதோஷம்!" என்று கத்தினார். இன்னொருத்தர் "படிச்சேன், நீதான் தூங்கினே!" என்று மேஜையைத் தட்டினார். ரிவ்கா ஆன்ட்டி அழப்போன முகத்தோடு உட்கார்ந்தவர், பத்தே நிமிடத்தில் எழுந்து நின்று விரலை ஆட்டி வாதாடிக்கொண்டிருந்தார். எனக்கு என்ன தண்டனை கொடுப்பது என்றுதான் இவ்வளவு சத்தம் என்று நினைத்து, நான் சோபாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

கடைசியில் ஹன்னா ஆன்ட்டி கையைத் தூக்கினார். அமைதி.

"இதை நாம சாப்பிடக் கூடாது."

சொல்லிவிட்டு, ஏன் என்று படிப்படியாகச் சொன்னார். புத்தகத்தைப் பார்க்காமல் சொன்னார். முடிந்ததும் ஏழு பேரும் கை தட்டினார்கள். கோழி போனதற்குக் கை தட்டுகிறவர்களை நான் அன்றுதான் பார்த்தேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். "உன் வயசுல எனக்கும் இதே வேலைதான். வீட்டுல கோழியில ஏதாவது சந்தேகம்னா, எங்கம்மா அதைப் பேப்பர்ல சுத்தி என் கையில கொடுத்து ரபி வீட்டுக்கு அனுப்புவாங்க. நான் வாசல்ல நிப்பேன். உள்ளேயிருந்து ஒரு வார்த்தை வரும். ஆகும், இல்லேன்னா ஆகாது. ஏன்னு கேட்டா, பொண்ணுக்கு எதுக்கு அதெல்லாம், ஓடிப் போன்னு சொல்வாங்க. என் அண்ணன்களுக்கெல்லாம் ஏன்னு தெரியும்."

பானையைத் தூக்கிக் கொட்டிவிடலாம் என்று யாரோ எழுந்தார்கள். "இரு, இரு, இன்னொரு கேள்வி இருக்கு" என்றார் நீலக் கண்ணாடி ஆன்ட்டி, பக்கத்தைப் புரட்டிக்கொண்டே. நமக்கு ஆகாது, சரி. யூதர் அல்லாத ஒருவருக்குக் கொடுக்கலாமா? மறுபடி போர். மாட்டுக்கறியாக இருந்தால் கொடுக்கக்கூடக் கூடாதாம். இது பறவை, அதற்குச் சட்டம் வேறு. கொடுக்கலாம்! ஏழு தலைகளும் சோபாவுக்குப் பின்னால் இருந்த என்னைப் பார்த்தன.

முழுப் பானை! எனக்கே எனக்கு!

அப்போதுதான் வாசலில் குரல் கேட்டது. "ஏய், தயிர் டப்பா எங்கடி?"

அம்மா. விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டு, ஏழு பேரிடமும் தனித்தனியாக சாரி சொன்னாள். "மானத்தை வாங்கிட்டியேடி" என்று எனக்கு மட்டும் தமிழில். கீழே ஓடி, முந்தின நாள் வாங்கிய மாம்பழப் பெட்டியை அப்படியே தூக்கி வந்தாள். வெட்டாத பழம் என்றால் இந்த வீட்டில் தடையில்லை என்பது அவளுக்குத் தெரியும். பானையைப் பற்றிச் சொன்னபோது மட்டும், "நோ நோ, ஆடி" என்று அம்மனுக்கு நேர்ந்த கதையைச் சொன்னாள்.

மேல் வீட்டில் ஆகாது, கீழ் வீட்டில் ஆகாது. நான் சத்தம் போட்டே அழுதேன்.

ஹன்னா ஆன்ட்டி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, "என்ன வார்த்தை சொல்லி நேர்ந்தே? சரியா அந்த வார்த்தையைச் சொல்லு" என்றார்.

அம்மா யோசித்தாள். "என் அடுப்புல கறி ஏறாதுன்னு."

"இது யார் அடுப்பு?"

அம்மா பானையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்தாள். அம்மனோடு பேசினாள் என்று நினைக்கிறேன். பிறகு நிமிர்ந்து நின்று, தீர்ப்பு சொல்லும் குரலில், "வீட்டுக்குள்ள கொண்டு வரக் கூடாது. வெளிப் படியில உக்காந்து சாப்பிடட்டும். முடிச்சிட்டுத் தலைக்குக் குளிச்சிட்டு உள்ள வரட்டும்" என்றாள். ஏழு பேரும் அவளுக்கும் கை தட்டினார்கள். அம்மா வெட்கப்பட்டதை அன்றுதான் பார்த்தேன். (அடுத்த ஆடியிலிருந்து அப்பா தைரியமாக ஹோட்டலுக்குப் போனார். அந்தத் தீர்ப்பின் நிழலில் வாழ்ந்தார் என்றே சொல்லலாம்.)

ஆக, வெளிப் படியில், நல்ல வெயிலில், மடியில் பேப்பர் தட்டும் பக்கத்தில் அந்தப் பானையுமாக நான். மேலே ஜன்னல் திறந்திருந்தது. முதலில் ஹன்னா ஆன்ட்டியின் குரல், மெல்ல, நிறுத்தி நிறுத்தி. பிறகு ஒரு சின்ன அமைதி. பிறகு ஒரே ஆரவாரம், பாட்டு, தரை அதிர அதிர ஆட்டம். அம்மாவின் கொலுசுச் சத்தமும் அதில் இருந்தது. பாவம், பசியை மறக்கத்தான் இப்படி ஆடுகிறார்கள் என்று நினைத்து, இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் ஹன்னா ஆன்ட்டி மூச்சு வாங்க இறங்கி வந்து, என் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். விரலெல்லாம் மாம்பழம்.

"எப்படி இருக்கு?" என்றார்.

"காரம் பத்தல" என்றேன்.

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபோது கண் ஈரமாக இருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. பானையில் மிச்சமிருந்த பெரிய காலை எடுத்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "யாரும் பாக்கல, ஒரு வாய் சாப்பிடுங்க" என்று ரகசியமாக நீட்டினேன்.

அவர் என் கையை அப்படியே மூடி, என் பக்கமே தள்ளினார். "என் வாழ்க்கையில இவ்வளவு நல்ல கோழியை நான் சாப்பிட்டதே இல்ல" என்றார்.

நான் அவரை உற்றுப் பார்த்தேன். ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லையே? வயதாகிவிட்டது, மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று முடிவு செய்து, அந்தக் காலையும் நானே தின்றேன்.