டீப்பாய் ஆன பெட்டி

எங்கள் உம்மாவுக்கும் குப்பைத் தொட்டிக்கும் ஏழாம் பொருத்தம். வீட்டுக்குள் வந்த எதையும் அவள் சும்மா வெளியே விட்டதில்லை. சவூதியிலிருந்து வாப்பா ஆள் வசம் கொடுத்தனுப்பும் பால்பவுடர் டின்களை, காலியானதும் சேர்த்துக் கட்டி, மேலே பஞ்சு வைத்து உறை தைத்தால் அது முக்காலி. அத்தர் பாட்டில்களைத் தூண்டில் நரம்பில் கோத்து ஜன்னலில் தொங்கவிட்டிருந்தாள். காற்றடித்தால் கிணுகிணுவென்று சத்தம் வரும், லேசாக வாப்பாவின் சட்டை வாசனையும் வரும். கீறல் விழுந்த சிடிகள் வாசல் நிலைக்கு மேல் பூவாக விரிந்திருந்தன. வாப்பா விட்டுப் போன கைலிச் சாரங்கள் டிவிக்கும் மிக்சிக்கும் உறையாகிவிட்டன. லீவில் வந்த வாப்பா குளித்துவிட்டு மாற்றுச் சாரம் கேட்டபோது, உம்மா மிக்சியைப் பார்த்தாள், மிக்சி வாப்பாவைப் பார்த்தது. அன்று அவர் உம்மாவின் துப்பட்டியைச் சுற்றிக்கொண்டுதான் சோறு தின்றார்.

மேலப்பாளையத்தில் எங்கள் தெருப் பெண்கள் பீடி சுற்றிக்கொண்டே வந்து உட்கார்ந்து, "இத எங்கன வாங்கினிய?" என்று கேட்பார்கள். உம்மாவுக்கு அதைவிடப் பெரிய பரிசு கிடையாது. பதில் சொல்லாமல் சிரிப்பாள்.

உம்மாவின் கைவேலையில் ஒரு விஷயத்தை நானே கண்டுபிடித்து வைத்திருந்தேன். அவள் கைபட்டு வேறொன்றாக மாறிய எதுவும் திரும்பிப் பழையபடி ஆனதில்லை. தம்பியின் பள்ளிக்கூடக் குடை ஒரு கோடை லீவில் முன்னறை விளக்குக்குத் தொப்பியானது. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டபோது தம்பி அழுதான். "குடைக்காவ லைட்டக் கழத்த முடியுமால? நனையாம ஓடு" என்று உம்மா அவன் தலையில் பாலித்தீன் பையை மாட்டி அனுப்பினாள். அதனால்தான் பெட்டி விஷயத்தில் நான் அவ்வளவு உறுதியாக இருந்தேன்.

நான் நாலாம் வகுப்பு படித்த வருஷம் வாப்பா லீவில் வந்தார். பெரிய நீலப் பெட்டி, அடியில் நாலு சக்கரம். தெருக்கோடியில் வேன் நின்றதும் பெட்டியை உருட்டிக்கொண்டு வருவார். தளக்கல்லில் அது எழுப்பும் கடகடச் சத்தம்தான் எங்களுக்குப் பெருநாள். நானும் தம்பியும் அதன் மேல் ஏறி உட்கார்ந்து வீடு வரைக்கும் சவாரி வந்தோம்.

அந்த முறை உம்மா ஒரே பாட்டுதான் பாடிக்கொண்டிருந்தாள். "இங்கனயே ஒரு கடை பாருங்க. கஞ்சியோ கூழோ, பிள்ளைங்க ஒங்க மொகத்தப் பார்த்து வளரட்டும்." வாப்பா ஒவ்வொரு தடவையும் "பார்ப்போம்" என்றார். பெரியவர்கள் "பார்ப்போம்" என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போது தெரியாது. பார்க்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் போய்ப் பார்க்கவும் செய்தார். சந்தைப் பக்கம் பூட்டிக் கிடந்த ஒரு சின்னக் கடைக்கு என்னையும் கூட்டிப்போனார். ஷட்டரைப் பாதி தூக்கி, குனிந்து உள்ளே வெகுநேரம் பார்த்தார். இருட்டும் எலிப்புழுக்கையும் தவிர அங்கே எதுவும் இல்லை.

"இங்க என்னட்டி விக்கலாம்?" என்று கேட்டார்.

"பென்சில்."

"பென்சில் வித்த காசு ஒங்க உம்மா பசை வாங்கவே காணாதே!" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே ஷட்டரை இறக்கினார்.

வழக்கமாகப் பெட்டியைக் காலி செய்ததும் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவார்கள். ஒருநாள் சாயந்தர அஸர் தொழுகைக்கு வாப்பா பள்ளிவாசலுக்குப் போன நேரம், உம்மா அதை வெளியே இழுத்தாள். தரையில் கவிழ்த்துப் போட்டு, ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நாலு சக்கரத்தையும் கழற்றினாள். படுக்கவைத்து, மிஞ்சிய திரைத்துணியில் நாலு பக்கமும் சுருக்கம் வைத்து உறை தைத்துப் போட்டாள். மேலே ஒரு கண்ணாடிக் குப்பியில் சிரட்டையில் செதுக்கிய பூ. வாப்பா திரும்பி வந்தபோது முன்னறையில் ஒரு டீப்பாய் இருந்தது. அதன் மேல் அவருடைய தேயிலைத் தண்ணியும் பஜ்ஜியும் இருந்தன.

வாப்பா நின்று பார்த்தார். பிறகு உட்கார்ந்து, கிளாஸை எடுத்து, உறையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"சக்கரம் எங்க?"

"அது இருந்தா ஆடும். அதான் கழத்திட்டேன்."

சக்கரங்களும் வீணாகவில்லை. ஒரு பலகைத் துண்டின் நாலு மூலையிலும் அவற்றை முடுக்கி, சமையல்கட்டில் கேஸ் சிலிண்டருக்கு அடியில் வைத்துவிட்டாள். இனி பெருக்கும்போது சிலிண்டரைக் கட்டிப்பிடித்து நகர்த்த வேண்டாம், ஒரு விரலால் இழுத்தால் வரும். வாப்பா இழுத்துப் பார்த்துவிட்டு, "கெட்டிக்காரிதான்" என்றார்.

எனக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை. மறுநாளே பள்ளிக்கூடத்தில் எங்கள் வாப்பா இனிமேல் சவூதி போக மாட்டார் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டு மாமியிடமும் சொன்னேன்.

"அப்படியாட்டி? ஒங்க வாப்பாவே சொன்னாங்களா?"

"அவங்க எதுக்குச் சொல்லணும்? பெட்டி டீப்பாய் ஆயிட்டு மாமி!"

மாமி பீடியில் நூல் சுற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு மறுபடி சுற்ற ஆரம்பித்தாள்.

அந்த நாட்களைப் போன்ற நாட்கள் எனக்குப் பிறகு வாய்க்கவில்லை. சாயந்தரம் ஆனால் டீப்பாயின் ஒரு பக்கம் நான் வீட்டுப்பாடம் எழுதுவேன், எதிர்ப்பக்கம் தம்பி படம் போடுவான், நடுவில் வாப்பா காலை நீட்டி வைத்துக்கொண்டு பேப்பர் படிப்பார். அவருடைய கால் பெருவிரல் என் நோட்டில் இடிக்கும். "எடுங்க வாப்பா" என்று சலித்துக்கொள்வேன். அப்படிச் சலித்துக்கொள்ள ஒருவர் வீட்டில் இருப்பது எவ்வளவு பெரிய சொத்து! எனக்குக் கல்யாணமாகி, எல்லாம் கடையில் வாங்கிய சாமான்களாக நிறைந்த வீட்டில் இருக்கும்போதும், சாயந்தரம் விளக்குப் போட்டதும் அந்தப் பெருவிரலுக்காக மனசு ஏங்கத்தான் செய்கிறது.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். முன்னறை வெறிச்சென்று இருந்தது. பெட்டி கட்டில் மேல் வாயைத் திறந்து கிடந்தது. உம்மா அதற்குள் உடன்குடிக் கருப்பட்டியைத் துணியில் பொதிந்து வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஊறுகாய் பாட்டில், முறுக்கு, மடித்து வைத்த சட்டைகள். திரைத்துணி உறை சன்னமாக மடிக்கப்பட்டு பீரோ மேல் இருந்தது. சந்தைப் பக்கத்துக் கடை என்னவாயிற்று என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் வாசலிலேயே பையைப் போட்டுவிட்டு நின்றேன். குடையே திரும்பி வராத வீட்டில் பெட்டி எப்படித் திரும்பி வந்தது என்று எனக்கு விளங்கவே இல்லை.

புறப்படுகிற அன்று காலை, வாப்பா சொந்தக்காரர் வீடுகளில் பயணம் சொல்லிவிட்டு வந்து, ஸ்க்ரூ டிரைவரோடு சமையல்கட்டுக்குள் போனார். சிலிண்டரை இறக்கி வைத்துப் பலகையைக் கவிழ்த்தார். ஒரு திருகாணியைக் கழற்றினார். நான் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தேன். உம்மா நிலைப்படியில் நின்றாள்.

"வேணும்னா எடுத்துக்கிடுங்க" என்றாள்.

வாப்பா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை இரண்டு பேரும் கவனிக்கவில்லை, நான்தான் அணைத்தேன். பிறகு அவர் கழற்றிய திருகாணியை அதே இடத்தில் வைத்து, பழையபடி இறுக்கி முடுக்கினார்.

"கெடக்கட்டும் பிள்ள. நான் தோள்ல தூக்கிக்கிடுதேன்."

எங்கள் சந்துக்குள் வேன் வராது. வாப்பா பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தார். பாதி வழியிலேயே சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. தோள் மாற்றிக்கொள்ள நின்றபோது, முக்குக் கடை அண்ணாச்சி எட்டிப் பார்த்து, "என்ன பாய், இம்புட்டுப் பெரிய பெட்டிக்குச் சக்கரம் இல்லையா?" என்று கேட்டார்.

"இருக்கு அண்ணாச்சி. வீட்ல இருக்கு" என்றார் வாப்பா.

வேன் போன பிறகு நான் ஆங்காரத்தோடு திரும்பி வந்தேன். உம்மா சமையல்கட்டில் இருந்தாள். சிலிண்டரை வெளியே இழுத்தாள், அது நின்ற இடத்தைப் பெருக்கினாள், உள்ளே தள்ளினாள். அங்கே தூசி ஒன்றும் இல்லை. மறுபடியும் இழுத்தாள், மறுபடியும் தள்ளினாள். வாப்பா முதுகொடியப் பெட்டி சுமந்து போயிருக்கிறார், இவள் இங்கே சக்கரத்தை உருட்டி விளையாடுகிறாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று பூராவும் நான் அவளோடு பேசவில்லை. அந்த வீட்டில் வாப்பா போகக் கூடாது என்று நினைத்தது நான் ஒருத்திதான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.