பின்னால் சுற்றிய சைக்கிள்

திருப்பதி ஆய்வுக்கூடம் ஒன்றில் நான் ரத்தம் எடுக்கும் வேலை பார்த்தபோது, நகரியிலிருந்து ஒரு தறிக்காரர் சோதனைக்கு வந்துகொண்டிருந்தார். ஒல்லியான உடம்பு, பெரிய மீசை. அங்குள்ள சைக்கிளின் பெடலை மோட்டார் பின்பக்கமாகச் சுற்றும்; ஏறியவர் காலால் அதைத் தடுக்க வேண்டும். எட்டு வாரம் இப்படிப் பயிற்சி செய்தால், நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் சக்தியைப் பயன்படுத்தும் விதம் மாறுகிறதா என்று பார்ப்பார்கள். அவர் தினமும் சைக்கிளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் ஏறுவார்.

கடைசி நாள் வெறும் வயிற்றோடு வந்தவர், ஊசியைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டார்.

"இதுல இன்னா மேடம் பாக்கறீங்க?"

"உங்க அணுங்க சாப்பாட்டை எப்படிச் சக்தியா மாத்துதுன்னு."

"நான் பட்டினியா குந்திகினு இருக்கேன். அதுங்க எப்படி துன்னுதுன்னு பாக்கறீங்களா?"

நான் சிரித்துவிட்டேன். அவர் எழுந்து செருப்பை மாட்டினார். அந்த ரத்தம் கிடைக்காவிட்டால் எட்டு வாரமும் வீண்.

"எடுத்ததும் இட்லி தரோம்ணா."

"எத்தினி?"

"நாலு."

கையை நீட்டினார்.

பிறகு மூன்று இட்லியைச் சாப்பிட்டார். நான்காவதை ஒரு காகிதத்தில் வைத்து, தன் ரத்தம் இருந்த சோதனைக் குழாயின் பக்கம் மெல்லத் தள்ளினார்.

"அதுங்களும் காலையில இருந்து துன்னலயே மேடம்."

கேலியாகச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.