வெண்டலின் குளிர்கலம்

வெண்டல் க்ரோகர் எங்கள் ஒஹாயோ பல்கலைக்கழகத்து இயற்பியல் துறையின் நிலவறைப் பட்டறையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தார். மேலே இருந்த பேராசிரியர்கள் யாரும் அவரிடம் "இது முடியுமா?" என்று கேட்டதில்லை. "எப்ப கிடைக்கும்?" என்றுதான் கேட்பார்கள். நான் அந்தத் துறையின் தட்டச்சுக்காரி. வெண்டலுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது என்பது எனக்குத் தெரியும். லேலண்ட் ஆஸ்ட்ரோ இவர் பெயரை நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும், அதை இவர் மனைவி ஆர்லீன் கேட்க வேண்டும்.

ஆஸ்ட்ரோ இன்று உலகம் கொண்டாடும் விஞ்ஞானி. இருபத்துநாலு வருடத்துக்கு முன்பு எங்கள் துறையில் வேலை போய்விடுமோ என்று நகம் கடித்துக்கொண்டிருந்த இளம் ஆசிரியர். அவருடைய சோதனைப் பொருளை உறைகுளிரில் வைத்திருக்கும் குளிர்கலம் ஒழுகியது. வெளியே எடுத்து அறைச் சூட்டில் சோதித்தால் ஒழுக்கே இருக்காது. உறைகுளிருக்குக் கொண்டுபோனால் ஒழுகும். ஆறு மாதம் திண்டாடினார். வெண்டல்தான் மூடியின் பற்றவைப்பை எடுத்துவிட்டு, இண்டியம் என்ற மெத்தென்ற உலோகக் கம்பியை வளையமாக வைத்து இறுக்கினார். ஒழுக்கு நின்றது. "வெண்டல், என் கட்டுரையில உங்க பேரு இல்லாம போகாது" என்று ஆஸ்ட்ரோ கையைப் பிடித்துக்கொண்டார். ஆர்லீன் அன்றைக்கு அதைக் கொண்டாட ஆப்பிள் பை என்ற இனிப்புப் பலகாரம் செய்தாள். கட்டுரை அச்சில் வந்தபோது பெயர் இல்லை. "அடுத்ததுல போடுவாரு" என்றார் வெண்டல். அடுத்தடுத்து எத்தனையோ வந்தன.

வெண்டல் ஓய்வுபெற ஒரு மாதம் இருந்தபோது ஆஸ்ட்ரோ சிறப்புச் சொற்பொழிவுக்கு வருவதாகக் கடிதம் வந்தது. பழைய குளிர்கலத்தை மேடையில் வைக்கும்படி அதில் கேட்டிருந்தார்.

"பாத்தியா டோரீன், மனுஷன் மறக்கல" என்றார் வெண்டல் என்னிடம். இரண்டு வாரம் அந்தக் கலத்தைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கினார். ஆர்லீனைத் தன் வாழ்நாளில் முதல் முறையாகப் பல்கலைக்கழகத்துக்குக் கூப்பிட்டார்.

அரங்கம் நிரம்பி, மாணவர்கள் படிகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஆஸ்ட்ரோ கலத்தைத் தூக்கிக் காட்டினார். "ஆறு மாசம் இது என் தூக்கத்தைக் கெடுத்துச்சு. ஒருநாள் காலையில சவரம் பண்ணிக்கிட்டிருந்தேன். சட்டுன்னு தோணுச்சு, இண்டியம்!" என்றார். சபை சிரித்துக் கைதட்டியது. சுவரோரம் நின்ற வெண்டலும் கைதட்டினார்.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. எங்கள் வழக்கப்படி எந்தச் சொற்பொழிவும் கடைசி ஸ்லைடில் உதவியவர்களின் பெயர்ப் பட்டியலோடுதான் முடியும். பதினேழு பெயர்கள் வந்தன. மாணவர்கள், பணம் தந்த அறக்கட்டளை, ஆஸ்ட்ரோவின் நாய்கூட. நாய்க்கும் ஒரு சிரிப்பு கிடைத்தது.

பிறகு கேள்வி நேரம். கேட்பவர்களிடம் மைக்கைக் கொண்டுபோய்க் கொடுப்பது வெண்டலின் வேலை. மூன்றாவது வரிசையில் ஆர்லீன் கையைத் தூக்கினாள். வெண்டல் பார்த்தார். அவளைத் தாண்டிப் போய்ப் பின்னால் இருந்த ஒரு மாணவனிடம் மைக்கைக் கொடுத்தார். ஆர்லீன் கையை இறக்கவே இல்லை. வெண்டல் நான்கு முறை அவளைத் தாண்டிப் போனார்.

முடிந்ததும் அவள் வாசலில் பிடித்துக்கொண்டாள். "ஏன் குடுக்கல? அந்தக் கம்பி யாரோடதுன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டிருப்பேனே!"

"நீ கேட்டிருந்தா அவரு சொல்லியிருப்பாரு, ஆர்லீன். கேட்டு வாங்கவா இருபத்துநாலு வருஷம் காத்திருந்தேன்?"

அவள் காரில் போய் உட்கார்ந்துகொண்டாள். அந்த நேரம் பார்த்து ஆஸ்ட்ரோ, விருந்துக்கு அழைத்துப்போகும் பேராசிரியர்கள் புடைசூழ வந்தார். "அட, வெண்டல்! இன்னும் இங்கதானா? கலத்தைப் பத்திரமா கீழ வச்சிடுங்க" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். விருந்துக்கான பெயர்ப் பட்டியலை நான்தான் தட்டச்சு செய்திருந்தேன். அதில் எட்டுப் பேர்.

கலத்தை நாங்கள் இருவருமாகத் தள்ளுவண்டியில் வைத்து நிலவறைக்குக் கொண்டுபோனோம். வெண்டல் அதைத் துணியால் மூடினார்.

"அவரைச் சொல்லிக் குத்தமில்ல டோரீன். எத்தனை வேலை அவருக்கு. மறந்திருப்பாரு."

அந்த முதல் கட்டுரையையும் நான்தான் தட்டச்சு செய்தேன். என்னிடம் வந்த கையெழுத்துப் பிரதியில் வெண்டலுக்கு நன்றி சொல்லி ஒரு முழு வரி இருந்தது. அடித்துக் கொடுத்தேன். மறுநாள் ஆஸ்ட்ரோ அந்த வரியைச் சிவப்பு மையால் கோடிட்டு நீக்கி, "மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்" என்று திருப்பித் தந்தார். நான் அந்தப் பக்கத்தைப் புதிதாக அடித்தேன். யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் அந்த வேலை தேவையாக இருந்தது.

"ஆமா வெண்டல்," என்றேன். "மறந்துதான் போயிருப்பாரு."