அடுப்படி ஜன்னலில் கேரளா

மோர்மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தபோது எக்ஸாஸ்ட் ஃபேன் நின்றுவிட்டது. அடுப்படி முழுக்கக் காரப்புகை. இருமல் தாங்காமல் பின்பக்க ஜன்னலைக் குழவியால் இடித்துத் திறந்தேன். வீடு கட்டிக் குடிவந்ததிலிருந்து கொசுவுக்குப் பயந்து நாங்கள் திறக்காத ஜன்னல் அது.

வயலை மனை போட்டு விற்ற நகரில், தஞ்சாவூருக்கு வெளியே, எங்களுடையது கடைசி வீடு. பின்னால் வயல்தண்ணீர் வடிகிற வாய்க்கால். நாங்கள் சாக்கடை என்போம். அன்று அந்தச் சாக்கடையைக் காணோம். இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு வெங்காயத்தாமரை பூத்துக் கிடந்தது. பார்த்த இடமெல்லாம் இளம் ஊதா. ஒவ்வொரு பூவின் மேலிதழிலும் மஞ்சள் பொட்டு. நீல உடம்பும் சிவப்பு மூக்குமாக ஒரு நீர்க்கோழி, பட்டுப்புடவை நனைந்துவிடும் என்பதுபோல் காலைத் தூக்கித் தூக்கி வைத்து இலைகள்மேல் நடந்தது. அப்பால் குறுவை நெல்.

செல்போனில் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். விவரம் எதுவும் எழுதவில்லை.

உடனே சீர்காழியிலிருந்து என் நாத்தனார், கணவரின் அக்கா, போன் செய்தார்.

"கேரளா போறதுன்னா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"அண்ணி, நான் வீட்லதாங்க இருக்கேன். இது நம்ம அடுப்படி ஜன்னல்ங்க."

"என்னைப் பார்த்தா எப்படித் தெரியுது? வீடியோ கால்ல வா."

வந்தேன். பூவைக் காட்டினேன், கோழியைக் காட்டினேன். பிறகு செல்லைத் திருப்பி அடுப்பையும் கிரைண்டரையும் காட்டினேன்.

"பரவாயில்லையே, ரூம்லயே கிரைண்டர் குடுத்திருக்காங்க!" என்றார்.

கணவரைக் கூப்பிட்டேன். கைலியும் துண்டுமாக வந்து, "அக்கா, சத்தியமா நாங்க எங்கயும் போகலக்கா" என்றார்.

"கைலியெல்லாம் கட்டிக்கிட்டு அந்த ஊர்க்காரனாவே ஆயிட்டே. நல்லா இரு."

போனை வைத்துவிட்டார். சாயங்காலத்துக்குள் பட்டுக்கோட்டைச் சித்தப்பா, படகு வீட்டுக்கு எங்கே சொல்லிவைக்க வேண்டும் என்று தனியாகக் கேட்டார். கணவர் நொந்துபோய், அக்காவை நேரிலேயே வந்து பார்க்கச் சொன்னார்.

நாத்தனாரும் அவர் கணவரும் வந்து இறங்கினார்கள். இரண்டு பெட்டி, முறுக்கு டின், குடை. அவர் கணவர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். காபி குடித்துவிட்டு, "இங்கேருந்து எப்ப கிளம்புறோம்?" என்றார்.

"வந்தாச்சுங்க," என்றார் என் கணவர்.

நான் நாத்தனாரை ஜன்னலுக்கு அழைத்துப் போனேன். பூ, வெயிலில் இன்னும் அதிகமாக இருந்தது. கோழியின் பின்னால் கறுப்புப் பஞ்சு உருண்டைகளாகக் குஞ்சுகள் தத்திக்கொண்டு வந்தன. ஒன்று இலை விளிம்பில் வழுக்கி விழ, "ஐயோ!" என்று நாத்தனார் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். குஞ்சு ஏறி வந்தது. அதற்குப் பிறகுதான் கம்பியை விட்டார்.

"ஒரு நாற்காலி போடும்மா."

மத்தியானம் சாப்பாட்டையும் அங்கேயே போடச் சொன்னார். ஹாலில் இருந்த சாப்பாட்டு மேஜை அடுப்படி வாசலில் நுழையவில்லை. ஆண்கள் இரண்டு பேரும் அதன் கால்களைக் கழற்றி உள்ளே கொண்டுபோய் மறுபடி மாட்டினார்கள். நாலு பேரும் ஒரே பக்கம், தியேட்டரில் உட்காருவதுபோல் வரிசையாக உட்கார்ந்து, வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு வத்தக்குழம்பு சாப்பிட்டோம். பரிமாற எனக்கு வழியே இல்லை. தட்டுகளைக் கைமாற்றிக் கைமாற்றி அனுப்பினோம். ஊருக்குக் கிளம்பும்போது, "ரொம்ப நல்லா கவனிச்சுக்கிட்டீங்க," என்று நாத்தனார் கணவர் என்னிடம் ஹோட்டல்காரரிடம் சொல்வதுபோல் சொன்னார்.

ஐப்பசி மழைக்கு முன்னால் பொக்லைன் வந்தது. வாய்க்கால் அடைத்துக்கொண்டால் மேலே உள்ள வயல்களில் தண்ணீர் நின்று பயிர் அழுகிவிடும். வாரித்தான் ஆக வேண்டும். எனக்கும் தெரியும். ஆனாலும் அன்று சமைக்கப் பிடிக்கவில்லை. ஊதாவெல்லாம் கரையில் சேறோடு குவிந்து கிடந்தது.

நாத்தனார் போனில், துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டார்.

"எல்லாம் எடுத்துட்டாங்களாமே. கோழி?"

"எதிர்க்கரையில நாணலுக்குள்ள போயிடுச்சுங்க. குஞ்செல்லாம் கூடவே."

"இப்ப அங்க என்னதான் இருக்கு?"

எட்டிப் பார்த்தேன். மழை மூட்டம். திறந்த தண்ணீரில் மேகம் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு மீன்கொத்தி அதைக் கிழித்துக்கொண்டு விழுந்து எழுந்தது.

"தண்ணிதாங்க அண்ணி இருக்கு," என்றேன்.

மேஜையை ஹாலுக்கு மாற்றவில்லை. வருகிறவர்கள் வெறும் ஹாலைப் பார்த்துவிட்டு, வீட்டைக் காலி செய்கிறீர்களா என்று கேட்கிறார்கள்.