எல்லா வீட்டிலும் பூஸ்டர்

குண்டு பல்புக்குள் செத்த மின்மினியாய்ச் சிவந்து கிடந்த கம்பி, அப்பா ஒரு குமிழைத் திருப்பியதும் பளீரென்று வெளுத்தது. கூடவே மேசை மேலிருந்த பெட்டி 'ம்ம்ம்' என்று உறும, அந்த உறுமல் அதன்மேல் வைத்திருந்த என் உள்ளங்கை வழியாக எலும்பு வரை ஏறியது. எனக்குக் கரண்டுப் பித்துப் பிடித்தது அந்த நிமிடத்தில்தான்.

கேரளத்துப் பீர்மேட்டுப் பக்கம் எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்று எங்கள் வீடு. டிரான்ஸ்ஃபார்மர் கீழே ஃபேக்டரி வாசலில். அங்கிருந்து மெலிந்த கம்பியில் மலையேறி வரும் கரண்டு, சாயங்காலமானால் எங்களிடம் வருவதற்குள் களைத்துவிடும். மழையில் தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வரும் அம்மாவுக்கு 'இளைப்பு', மூச்சு வாங்கும். ஆஸ்பத்திரியில் சொல்லி வாங்கிய, மருந்தை ஆவியாக்கி மூச்சில் ஏற்றும் 'ஆவி மிஷின்' அந்தக் கரண்டில் முனகுமே தவிர ஓடாது. அதற்காகத்தான் அந்தப் பெட்டி, 'பூஸ்டர்'. அன்றைக்கு மிஷின் ஓடியது; அம்மா மூச்சு விட்டாள்.

ஸ்விட்சை அணைத்து மூடியைக் கழற்றிப் பார்த்தால், இரும்புத் தகடுகளின் மேல் செப்புக் கம்பிச் சுற்றுகள், அவ்வளவுதான். முன்னும் பின்னும் ஊஞ்சலாடும் கரண்டு இரும்பில் காந்தத்தை ஏற்றி இறக்க, அந்த ஏற்ற இறக்கம் வோல்டேஜை எழுப்புகிறது. சுற்று கூடினால் வோல்டேஜ் கூடும்.

அடுத்த வீட்டுச் செல்லத்தாய் அத்தை வாசலில் வந்து நின்றாள்.

"என்ன மதினி, ஒங்க வீட்டுல மட்டும் கல்யாணமா? எங்க பல்பு வெக்கப்பட்டுச் செவந்துபோயி நிக்குது!"

எங்கள் லயத்தில் ஒரு வீட்டுக்குக் குக்கர் வந்தால் அடுத்த சம்பளத்துக்குள் எல்லா வீட்டிலும் விசிலடிக்கும். பூஸ்டரும் அப்படித்தான் வந்தது. பூஸ்டர் எதையும் புதிதாக உண்டாக்குவதில்லை. வோல்டேஜை உயர்த்த, கம்பியிலிருந்து கூடுதல் கரண்டை இழுக்கிறது. எல்லோரும் இழுக்க இழுக்க, மெலிந்த கம்பியிலேயே வோல்டேஜ் கரைந்தது. குமிழைக் கடைசிவரை திருப்பியும் பல்பு சிவப்புதான். மிஷின் மறுபடி முனகியது.

"சாயங்காலம் அரை மணிநேரம் மட்டும் பூஸ்டர அணைச்சுப் போடு தாயி," என்றார் அப்பா.

"அணைக்கேன்ணே. ஆனா நாங்க அணைச்சா பக்கத்து வீட்டுலல்ல ஜோரா எரியுது? நாங்க மட்டும் இருட்டுல கெடக்கணுமாக்கும்?"

இரண்டு சாயங்காலம் அணைத்தாள், மூன்றாம் நாள் மறுபடி போட்டுவிட்டாள். யாரைக் குறை சொல்ல?

மலையாளத்து லைன்மேன் வந்து பார்த்தார். "டிரான்ஸ்ஃபார்மர் இங்கோட்டு வரணும் சேட்டா. எஸ்டேட் சம்மதிக்கணும்."

"மொதலாளி மொகத்தப் பாத்தே வருசமாச்சு. யாருகிட்டப் போயி கேக்க?" என்றார் அப்பா.

"அதாணு பிரஷ்னம்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

இப்போது அந்தக் குண்டு பல்புகள் போய்விட்டன. எல்.ஈ.டி. பல்பு இவ்வளவு குறைந்த கரண்டிலும் வெள்ளையாகவே எரிவதால், வோல்டேஜ் விழுந்தது யார் கண்ணிலும் படுவதில்லை, முறையிடவும் ஆளில்லை. எலெக்ட்ரிகல் டிப்ளமோ முடித்து வந்திருக்கும் எனக்கும், அம்மாவின் நெஞ்சுக்கும் மட்டும் தெரியும்.

மத்தியானத்தில் லயத்தில் ஆளில்லை, கரண்டு நன்றாக வருகிறது. அப்போது ஒரு பழைய ஜீப் பேட்டரியைச் சார்ஜ் செய்துகொள்ளலாம். ஆனால் பேட்டரிக் கரண்டு ஆடாமல் ஒரே பக்கம் ஓடும். அதற்குப் பூஸ்டருக்குள் இருப்பது போன்ற டிரான்ஸ்ஃபார்மர் மசியாது. முதலில் அதை வெட்டி வெட்டி ஊஞ்சலாட்ட வேண்டும், பிறகு சுற்றுகளில் ஏற்றி உயர்த்த வேண்டும். சர்க்யூட்டை முடித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மிஷினை அதில் மாட்டப் போகிறேன். ஓடினால், அந்தச் சத்தம் கேட்டு எல்லா வீட்டிலும் பேட்டரி வந்து மத்தியானக் கரண்டும் கரையாமலிருக்கக் கதவைச் சாத்த வேண்டும். கதவைச் சாத்தினால் அம்மாவுக்கு மூச்சு முட்டும்.