பாஞ்சாலை படித்த பள்ளிக்கூடம்

கம்பெனிமேட்டுத் தொடக்கப்பள்ளிக்கு ஐம்பதாம் ஆண்டு விழா எடுத்தே தீர்வது என்று தலைமையாசிரியை மெர்சிலின் கிளம்பிவிட்டார். ஐம்பது முடிந்து மூன்று வருடம் ஆகிவிட்டது. யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். விழா மலரில் போடப் பள்ளியின் வரலாறு வேண்டும். தினமும் ஒடுகத்தூரிலிருந்து பஸ் ஏறி மலைக்கு வருகிறவருக்கு வரலாறு எங்கே தெரியும்? சத்துணவு சமைக்கிற பாஞ்சாலையைப் பிடித்தார். பள்ளியில் முதன்முதலாகச் சேர்ந்த இருபது பிள்ளைகளில் இன்னும் ஊரில் இருப்பவள் அவள் ஒருத்திதான். மே மாதக் கடைசியோடு அவளுக்கும் வயது முடிந்து வேலை போகிறது.

பாஞ்சாலைக்குப் பேசச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? பருப்பைக் கடைந்துகொண்டே எடுத்துவிட்டாள். வெள்ளைக்கல் தோண்டிய கம்பெனிக்காரன் வெடிமருந்துக் கொட்டகையைக் காலி செய்து பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தது, முதல் நாள் தொப்பி போட்ட மேனேஜர் வந்து ஆளுக்கொரு சிலேட்டு கொடுத்தது, அவள் பச்சைப் பாவாடையோடு முதல் வரிசையில் உட்கார்ந்தது, சுரங்கத்தில் வேட்டு போட்டால் பிள்ளைகளுக்கு முன்னால் வாத்தியார் மேஜைக்கடியில் புகுந்தது. மெர்சிலின் சிரித்துச் சிரித்து எழுதிக்கொண்டார்.

மறுநாள் பீரோவின் அடித்தட்டிலிருந்து பழைய பதிவேடு கிடைத்தது. அதைத் தூக்கிக்கொண்டு அவர் நேராகச் சமையல்கூடத்துக்கே வந்துவிட்டார்.

"பாஞ்சாலைக்கா, ரெண்டாம் வகுப்புல நீங்கதான் முதல் ராங்க். மூணாம் வகுப்புல, 'அ எழுதத் தெரியவில்லை'ன்னு வாத்தியார் எழுதி வெச்சிருக்காரு. மூணு வருசம் அதே வகுப்புல ஃபெயில். இன்னாக்கா ஆச்சு உங்களுக்கு?"

கரண்டி நின்றது. "மொத ராங்க் வாங்குனது எங்கக்காங்க டீச்சர். ஃபெயிலானதுதான் நானு."

கம்பெனி வைத்த சட்டம் அது. இருபது பிள்ளை இருந்தால்தான் ஒரு வாத்தியாரும் ஒரு அண்டா கோதுமை உப்புமாவும். பத்தொன்பது ஆனால் இரண்டும் கிடையாது. அதனால் ஒரு பிள்ளை ஆடு மேய்க்கவோ கல் சுமக்கவோ போய்விட்டால், அந்த வீட்டின் அடுத்த பிள்ளை அதே பெயரில் போய் உட்கார்ந்துகொள்ளும். பஸ்ஸில் துண்டு போட்டுப் பிடித்த இடத்தில் வீட்டில் யார் உட்கார்ந்தால் என்ன என்கிற மாதிரிதான். அதை யாரும் பித்தலாட்டம் என்று நினைக்கவில்லை, வாத்தியார் உட்பட.

அக்கா பாஞ்சாலை ஆடு மேய்க்கப் போகவில்லை. மழைத் தண்ணீர் நின்ற சுரங்கக் குழியில் விழுந்து செத்துப்போனாள். நாலாம் நாள் அப்பன், அவளுக்கு ஐந்து வயது இளைய தங்கச்சி செல்லியைத் தோளில் தூக்கிக்கொண்டுபோய் மூன்றாம் வகுப்பில் உட்கார வைத்தான். பாஞ்சாலை என்று கூப்பிட்டால் 'உள்ளேன் ஐயா' சொல்லவேண்டும் என்று அம்மா வழியெல்லாம் அழுதுகொண்டே சொல்லிக்கொடுத்தாள். வீட்டில் செல்லி, பள்ளிக்கூடத்தில் பாஞ்சாலை. அம்மா போன பிறகு செல்லி என்று கூப்பிட ஆளில்லை. கட்டிக்கொண்ட மாதையனுக்கே அவள் பாஞ்சாலைதான்.

மெர்சிலின் விரல் விட்டு எண்ணினார். "அப்பிடின்னா பள்ளிக்கூடம் தொறந்தப்போ உங்களுக்கு ரெண்டு வயசு. மொத நாள் பச்சப் பாவாடையில உக்காந்தது யாருக்கா?"

பாஞ்சாலை திகைத்துப்போனாள். இத்தனை வருடத்தில் இதை அவள் யோசித்ததே இல்லை. பாவாடை நாடா இடுப்பில் அறுத்தது இப்போதும் நினைவிருக்கிறது. அது அம்மா சொல்லக் கேட்டதா, அக்காவின் பாவாடையைப் பிறகு இவள் கட்டியதா? மேனேஜர் தொப்பியைப் பார்த்தது எந்தக் கண்? எதை இழுத்தாலும் இரண்டு பேரும் சேர்ந்தே வந்தார்கள். அவளுக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

"அத்த வுடுங்கக்கா. நெஜ வயசுப்படி உங்களுக்கு இன்னும் அஞ்சு வருசம் வேலை இருக்குது. மனு போடலாம்."

அஞ்சு வருடம்! காலையில் எழுந்தால் இந்த அடுப்பையும், தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் பிள்ளைகளையும் விட்டால் அவளுக்கு வேறு போக்கிடம் தெரியாது. ஜூன் மாதத்தை நினைத்து எத்தனையோ நாள் சோறு இறங்காமல் இருந்திருக்கிறாள்.

"மனுவுல இன்னான்னு எழுதுவீங்க?"

"பாஞ்சாலை சின்ன வயசுலயே எறந்துட்டாங்க, வேல செய்யறது செல்லின்னு."

"அப்போ இத்தினி வருசம் யாருக்குச் சம்பளம் குடுத்தோம்னு கேக்க மாட்டாங்களா?"

"கேப்பாங்க. நடந்தத சொல்லுவோம். நான் கூட வர்றேன்."

மெர்சிலின் அங்கேயே அரிசி மூட்டை மேல் தாளை வைத்து எழுதினார். படித்தும் காட்டினார். அக்கா செத்த சேதி காகிதத்தில் ஏறியது அன்றைக்குத்தான். கேட்கக் கேட்கப் பாஞ்சாலைக்கு, அவள் இப்போதுதான் சாகிறாள் போல அழுகை வந்தது.

"இங்க செல்லின்னு கையெழுத்துப் போடுங்கக்கா."

பேனாவை வாங்கினாள். போட்டாள். குனிந்து பார்த்தால், பாஞ்சாலை என்று இருந்தது. இன்னொரு தாளை எடுத்து வைத்தார் மெர்சிலின். இந்தமுறை பேனா தாளைத் தொட்டதோடு சரி. அவள் எழுதப் படித்ததெல்லாம் அந்தப் பெயரில்தான். செல்லி என்று எழுதச் சொல்லி இதுவரை யாரும் கேட்டதில்லை.

பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

"வேணாங்க டீச்சர். அவ பேருல வந்த வேல, அவளே ரிடையர் ஆயிட்டுப் போவட்டும்." முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "ஆனா ஜூன் மாசத்துலருந்து நான் இன்னா பண்றதுங்க டீச்சர்?"